விருத்தாசலம் வீட்டு நாற்காலி

சொல்லியிருக்கலாம்தான், கல்லூரியில் முதல் வருஷம் முதல் வாரத்திலேயே போனைப் போட்டு அப்பாவிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம், அன்றைக்கே சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்த பஸ்ஸில் இப்படித் தனக்குள்ளேயே பேசிக்கொண்டு வரவேண்டியதில்லை... விழுப்புரத்தில் வண்டி கிளம்பும்போதே மணி மூன்றாகிவிட்டது, வெயில் ஜன்னல் வழியே ஏறி மடியில் உட்கார்ந்துகொண்டது, இசைவாணி ஃபைலைத் தூக்கி முகத்துக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டாள். ஃபைலுக்குள்ளே பட்டம். பி.எஸ்சி. பயோவெட்டினரி சயின்ஸ், முதல் வகுப்பு. போன வருஷம் வாங்கியது, அதற்குள் ஓரம் மடங்கிவிட்டது, எத்தனை மேஜைமேல் வைத்து எடுத்திருப்பாள் இதை. ஒவ்வொரு மேஜைக்கும் அந்தப் பக்கம் இருப்பவர் அந்த ஒரு வரியில் வந்து நிற்பார், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொள்வார், அப்போ நீங்க மாட்டு டாக்டரா என்பார், இல்லை சார் என்பாள், அப்புறம் இது என்ன என்பார். என்ன இது? மூன்று வருஷம் படித்தவளுக்கே ஒரு மூச்சில் சொல்ல வராது. மாட்டு ரத்தத்தை எப்படிச் சோதிப்பது, ஆட்டுக்கு எந்தக் கிருமி எங்கிருந்து வருகிறது, கோழித் தீவனத்தில் எது கூடினால் எது குறையும், மிருகத்தின் நோய் மனுஷனுக்கு எப்படித் தாவும், எல்லாம் படித்தாள், பிடித்துத்தான் படித்தாள், நல்ல படிப்புதான், யார் இல்லை என்றது? ஆனால் ஒரு மாட்டைத் தொட்டு ஊசி போட அந்தப் படிப்பு அவளுக்கு உரிமை கொடுக்கவில்லை. இதைத்தான் ஊரில் ஒருத்தருக்கும் அவள் இதுவரை சொல்லவில்லை.

முண்டியம்பாக்கம் வருவதற்குள் போன் வந்தது, அப்பா. திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் இருபத்தைந்து வருஷமாக மல்லாட்டை மூட்டை, நிலக்கடலைதான், தூக்குகிறவர் ராஜாங்கம், லாரிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அவருக்கு மெதுவாகப் பேசவே மறந்துபோயிற்று, காதும் கொஞ்சம் மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், அவள்தான் சொல்லிக்கொடுத்தாள் எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று. "பாப்பா, எங்க வந்துக்கினு இருக்க? விருத்தாசலம் ஐயா வீட்டு மாடு படுத்துக்கினு எந்திரிக்க மாட்டேங்குதும்மா. முந்தாநேத்துதான் கன்னு போட்டுச்சு. கழுத்தை இப்பிடி வளைச்சி வெலாவுல வச்சிக்கினு கெடக்குது, காதைத் தொட்டா சில்லுனு இருக்குது. நீ வந்து பாத்தாத்தான்னு சொல்லிட்டாரு. பாட்டில்கூட மருந்துக்கடையில வாங்கியாந்து வச்சிருக்காங்க, நீ வந்து ஏத்துனா போதும். ஜல்தி வா." அவள், ப்பா, இரு, என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அவர் குரல் தானாக இறங்கிவிட்டது, அப்பாவுக்கு இப்படியும் பேச வருமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "சேர் போட்டு உக்கார வச்சிருக்காங்க பாப்பா. உள்ள. காப்பி குடுத்தாங்க." அவ்வளவுதான், சொல்ல வந்ததை விட்டுவிட்டாள். வரேம்பா என்றாள். எதற்குச் சொன்னாள்? தெரியவில்லை, வாய் சொல்லிவிட்டது, வரேன் என்று சொல்வது எவ்வளவு சுலபம்.

உள்ளே. அவள் ஊரில் உள்ளே என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும், ஊர்த் தெருவில் விருத்தாசலம் வீடு இரும்புக் கேட் போட்ட மாடி வீடு, அப்பா அந்த கேட்டுக்கு வெளியே நின்றுதான் இத்தனை வருஷமும் பேசியிருக்கிறார், நெல் மூட்டை இறக்கப் போனாலும் பின்பக்கத்து வழி, கூலியும் பின்பக்கத்திலேயே. அப்பாவின் அப்பா காலத்தில் அந்தத் தெருவில் மாடு செத்தால் காலனிக்கு ஆள் வரும், உயிரோடு இருக்கிற மாட்டின் பக்கம் போக முடியாது, செத்த பிறகு இழுத்துக்கொண்டு போகக் கூப்பிடுவார்கள். அப்பா பதினெட்டு வயசில் முடியாது என்று சொல்லிவிட்டு மூட்டை தூக்க ஓடிப்போனார், அதற்காக ஆறு மாசம் அந்தத் தெருவில் அவர் வீட்டு ஆள் ஒருத்தருக்கும் வேலை இல்லை, இதை அப்பா சொன்னதில்லை, அம்மா பவுனுதான் ஒருநாள் கேப்பைக் கூழைக் கிண்டிக்கொண்டே போகிறபோக்கில் சொன்னாள். அந்த வீட்டுக்குள்ளேதான் இப்போது அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எப்படி உட்கார்ந்திருப்பார், காலை எங்கே வைத்திருப்பார், காப்பி டம்ளரை என்ன செய்திருப்பார்... பெண் டாக்டருக்குப் படித்துவிட்டாள் என்றுதானே அந்த நாற்காலி. அவள் டாக்டர் இல்லை என்றால் நாற்காலி யாருடையது?

விக்கிரவாண்டி. யாரோ இறங்கினார்கள், கூடை ஒன்று தோளை இடித்தது, மன்னிச்சிக்கம்மா என்றது ஒரு குரல், பரவாயில்லை என்றாள், தலை வலித்தது, காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டதோடு சரி. யாரைக் குற்றம் சொல்வது? கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு கட்ஆஃப் எட்டவில்லை, கொஞ்சத்தில் போயிற்று, அன்றைக்கு அப்பாவும் அவளுமாக விழுப்புரத்தில் அட்மிஷன் வாங்கித் தருகிற ஆளைத் தேடிக்கொண்டு வந்தார்கள், மாடி அறை, ஏ.சி., சுவரெல்லாம் கல்லூரிப் படங்கள். அந்த ஆள், "பேர்லயே வெட்டினரி இருக்குதுங்களே, அப்புறம் இன்னாங்க பேஜாரு உங்களுக்கு? ரெண்டும் ஒண்ணுதான்" என்றான், பொய்யாகக்கூடச் சொல்லியிருக்க மாட்டான், அவனுக்கே தெரிந்திருக்காது. அப்பா தலையை ஆட்டினார். அவள்? அவளும் ஆட்டினாள். முதல் வாரம் வகுப்புக்கு வந்த மேடம் மூக்குத்தி போட்டவர், கண்டிப்பான முகம், வந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், நீங்க யாரும் டாக்டர் ஆகப் போறதில்ல, லேபுக்குப் போகலாம், தீவனக் கம்பெனிக்குப் போகலாம், பால் பண்ணைக்குப் போகலாம், மேலே படிச்சு ஆராய்ச்சிக்குப் போகலாம், ஆனா டாக்டர் இல்ல, இன்னிக்கு சாயங்காலமே வீட்டுக்கு போன் பண்ணிச் சொல்லிடுங்க, நாள் ஆக ஆக வாய் வராது. அவள் போனை எடுத்தாள், நிஜமாகவே எடுத்தாள், விடுதி வராந்தாவில் நின்று நம்பரைப் போட்டாள், அந்தப் பக்கம் அப்பா எடுத்தவுடனே, பாப்பா காலனி முனையில பேனர் வச்சாச்சு, உன் போட்டோதான், கோட்டு போட்ட மாதிரி கம்ப்யூட்டர்ல பண்ணிக் குடுத்தான், கழுத்துல அந்தக் காதுல மாட்டுற மிஷின்கூட இருக்குது என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். மேடம் சொன்னது சரிதான், அப்புறம் வாய் வரவேயில்லை.

கடைசி வருஷத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள், வேலை வாய்ப்பு பற்றி, குளிரூட்டிய ஹால், திரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள், வெள்ளைக் கோட்டுப் பெண் சோதனைக் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புன்னகைக்கிறாள், எல்லாரும் வெளிநாட்டுக்காரிகள், கூடப் படித்த சூர்யகலா காதில் குசுகுசுத்தாள், இதுல ஒருத்திகூட நம்ம கலர்ல இல்லடி. சூர்யகலா இப்போது சென்னையில் மருந்து ஆராய்ச்சி செய்யும் இடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்கிறாள், கூண்டு கழுவுகிறாள், எடை போடுகிறாள், எழுதி வைக்கிறாள், அது நல்ல வேலைதாண்டி, கத்துக்கலாம், மேலே போகலாம் என்கிறாள், வீட்டில் மட்டும் எலி என்று சொல்லவில்லையாம், லேப் என்றிருக்கிறாள். இளவழகன் இருந்தானே, வகுப்பிலேயே நுண்ணுயிரியலில் முதல் மார்க்கு, அவன் மரக்காணத்துப் பக்கம் இறால் பண்ணையில் தண்ணீர் சோதிக்கிறான், சந்தோஷமாகத்தான் இருக்கிறான் போல, ஸ்டேட்டஸில் கடல் போடுகிறான். ஆக, வேலை இல்லாமல் இல்லை. மேலே இரண்டு வருஷம் படித்தால் இன்னும் நல்ல இடங்கள் உண்டு, அதுவும் தெரியும். ஆனால் வேலை கிடைத்த ஒவ்வொருத்தரும் வீட்டில் வேறு ஏதோ ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறார்கள், அதுதான் எப்படி என்று அவளுக்குப் புரியவில்லை... அவளும்தானே.

இன்றைக்கு விழுப்புரத்தில் பார்த்த மேனேஜர் நல்ல மனுஷன், அதைச் சொல்லியாக வேண்டும், டீ வரவழைத்தார், பட்டத்தைப் பார்த்து என்ன இது என்று கேட்காத முதல் ஆள் அவர். மாட்டுக்குத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் தாது உப்பு விற்கிற கம்பெனி. "ஃபீல்டு ஆபீசர் போஸ்ட்டும்மா. வண்டி ஓட்டுவீங்கல்ல? வல்லம், பனமலை, மேல்மலையனூர் வரைக்கும் உங்க ஏரியா. அமாவாசைக்கு மேல்மலையனூர்ல ஸ்டால் போட்டுடணும், அங்காளம்மனைக் கும்பிட வர்றவங்கள்ல பாதிப்பேர் மாடு வச்சிருக்கவங்கதான்." எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது, சும்மா ஞாபகம் வந்த மாதிரிச் சொன்னார், "ஜனங்க உங்களை டாக்டர்னுதான் கூப்பிடுவாங்க. நீங்களா சொல்லிக்காதீங்க, அது தப்பு. அவங்க கூப்பிட்டா இல்லைன்னும் சொல்லாதீங்க. அவ்ளோதான், பெரிய விஷயம் இல்ல. அஞ்சு மணிக்குள்ள மெசேஜ் போடுங்க." பெரிய விஷயம் இல்லைதான். அதைத்தானே நான்கு வருஷமாகச் சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறாள், இனிமேல் சம்பளம் உண்டு, அவ்வளவுதானே வித்தியாசம். படிகளில் இறங்கும்போது சிரிப்புத்தான் வந்தது, சிரித்து முடித்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிடலாம் போல ஒரு அசதி.

சுங்கச்சாவடியில் வண்டிகள் நின்றன, டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். போன மாசமும் இதேதான் நடந்தது, ஊரில் சின்னதுரை வீட்டு மாட்டை யாரோ வீடியோ எடுத்து அனுப்பினார்கள், பார்த்தவுடனே தெரிந்தது, கன்று போட்டவுடன் பாலெல்லாம் மடியில் இறங்கி ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து வற்றிப்போகிற நோய், பாடப்புத்தகத்தில் எழுபத்தொன்றாம் பக்கம், படத்தோடு. கால்சியம் குறைஞ்சிருக்கு, டாக்டரை வரச்சொல்லுங்க என்றாள். திண்டிவனத்திலிருந்து நிஜ டாக்டர் வந்தார், பாட்டிலை ஏற்றினார், மாடு அரை மணி நேரத்தில் எழுந்து சாணி போட்டுவிட்டு நடந்து போயிற்று. ஊர் என்ன பேசியது? ராஜாங்கம் பொண்ணு போன்ல பாத்தே கண்டுபுடிச்சிடுச்சி, வந்தவரு அது சொன்ன மருந்தைத்தான் போட்டுட்டுப் போனாரு. அவள் மறுக்கவில்லை, அதுதான் வினையே. மறுத்திருந்தால் இன்றைக்கு விருத்தாசலம் கடையில் பாட்டில் வாங்கி வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்துக்கொண்டிருப்பாரா? அவள் ஊர் போய்ச்சேர திண்டிவனத்தில் மாறி வல்லம் பஸ் பிடிக்க வேண்டும், எப்படியும் ஒன்றரை மணி நேரம், இந்த நோயில் ஒன்றரை மணி நேரம் என்பது... போய்ச்சேர்ந்துதான் என்ன? கல்லூரிப் பண்ணையில் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள், மேடம் கழுத்து நரம்பில் ஊசியைச் செருகிக்கொண்டே சொன்னார், மெதுவா, மெதுவா ஏத்தணும், வேகமா ஏத்துனா இதயம் நின்னுடும், கையிலயே போயிடும். இரண்டு தடவை பார்த்திருக்கிறாள், மூன்றாவதை ஏற்றிவிட முடியாதா என்ன? நரம்பு எங்கே என்று தெரியும், எவ்வளவு என்று தெரியும், மாடு எழுந்து நின்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், அப்பா நாற்காலியிலேயே இருப்பார், மேனேஜருக்கும் சரி என்று போட்டுவிடலாம்... இசைவாணி சட்டென்று தன் கையைப் பார்த்தாள், ஃபைலைப் பிடித்திருந்த கை. சீ, என்ன யோசித்துக்கொண்டிருக்கிறேன் நான்! பயமாக இருந்தது அவளுக்கு, மாட்டை நினைத்து இல்லை, தன்னை நினைத்தே.

வண்டி நகர்ந்தது, அவளே போன் போட்டாள். நேராகச் சொல்ல வேண்டாம், வழி இருக்கிறது, பஸ் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்துகொண்டாள். "ப்பா, டோல்கேட்டுல மாட்டிக்கினேன், நான் வர்றதுக்கு ரொம்ப நேரமாவும். ஒண்ணு ஒம்பது ஆறு ரெண்டுக்கு அடிக்கச் சொல்லு, கால்நடை ஆம்புலன்ஸ், டாக்டரோட வரும். அதுவரைக்கும் மாட்டை ஒருக்களிச்சிப் படுக்க விடாதீங்க, ரெண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை அண்டக் குடுத்து நிமுத்தி வைங்க. வாயில எதையும் ஊத்திடாதீங்க." நன்றாகத்தான் சொன்னாள், குரல்கூட நடுங்கவில்லை. "அதெல்லாம் இன்னாத்துக்கு பாப்பா" என்றார் அப்பா, "ஐயா காத்துக்கினுதான் இருக்காரு. எம்மாம் நேரம் ஆனாலும் பரவால்ல, உன் பொண்ணு கையாலயே ஆவட்டும்னு சொல்றாரு. நீ பதறாம வா." பின்னால் யாரோ ஆமாம் ஆமாம் என்பது கேட்டது, விருத்தாசலத்தின் குரல், "டாக்டரம்மா வரட்டுங்க, நாங்க இருக்கோம்" என்றது. வரட்டுங்க. அந்த வீட்டிலிருந்து அவளை நோக்கி ஒரு ங்க. அதைக் கேட்டு வந்தது சந்தோஷமா? வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, இரண்டையும் பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. மாடு அங்கே கழுத்தை வளைத்துக்கொண்டு கிடக்கிறது, காது இன்னும் சில்லிட்டிருக்கும், அதற்கு இந்த மரியாதையெல்லாம் தெரியுமா?

"ப்பா, ஸ்பீக்கரை அணைச்சிட்டுப் பேசு. உன்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும்." கொஞ்ச நேரம் ஏதேதோ சத்தம், விரல் போனைத் தடவுகிற சத்தம். "அமுக்கிட்டேம்மா, சொல்லு." பக்கத்து சீட்டு அம்மா இவளையே பார்த்தாள், பார்க்கட்டும். இசைவாணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வாயைக் கையால் மூடிக்கொண்டு சொன்னாள், "ப்பா, நான் டாக்டர் இல்லப்பா. நான் படிச்சது டாக்டர் படிப்பு இல்ல. முதல் வாரமே எனக்குத் தெரியும், உன்கிட்ட சொல்லல. ஊசி போடக் கூடாது நானு, போட்டா மாடு செத்துடும். காத்துக்கினு இருக்காதீங்கப்பா, நிஜமா சொல்றேன், உடனே அந்த நம்பருக்குப் போடச் சொல்லுப்பா." சொல்லி முடித்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் நெஞ்சிலிருந்து கல் ஒன்று இறங்கின மாதிரித்தான் இருந்தது, அப்பாடா, நான்கு வருஷம், அப்பாவுக்கு மட்டும்தானே, அப்பா எப்படியாவது சமாளித்துக்கொள்வார், ஊருக்கு வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்... ப்பா என்றாள். ஒரு கன்றுக்குட்டி கத்துவது மட்டும் தூரத்தில் கேட்டது.

அப்புறம் விருத்தாசலத்தின் குரல், தூரத்திலிருந்து, ஆனால் தெளிவாக, "இன்னா நம்பரு சொல்லுச்சி அது? ஒண்ணு ஒம்பது ஆறு ரெண்டா? போடுங்கடா சீக்கிரம்." ஸ்பீக்கர் அணையவேயில்லை. எங்கே அமுக்கினால் ஸ்பீக்கர் வரும் என்று அவள்தான் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள், ரெண்டு நாள் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள், எப்படி அணைப்பது என்று சொல்லித்தரவே இல்லை, அது தேவைப்படும் என்று யார் நினைத்தார்கள். நாலு பேர் நடக்கிற சத்தம், வைக்கோல எடுத்தாங்கடா என்று யாரோ, சரி, அந்த மட்டுக்கும் அவள் சொன்னதைக் கேட்கிறார்கள், மாடு பிழைத்தாலும் பிழைக்கும்... அதற்கு நடுவில், போனுக்கு மிகப் பக்கத்தில், சிமென்ட் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது, கர்ரக் என்று. அப்பா எழுந்துவிட்டாரா? அவராக எழுந்தாரா, வைக்கோல் மூட்டை தூக்க எழுந்தாரா, மூட்டை என்றால் அவர் கை சும்மா இருக்காதுதான், இல்லை யாராவது அவரைப் பார்த்தார்களா, வாயால் ஒன்றும் சொல்லாமல் சும்மா பார்த்திருந்தாலே போதுமே...

கூட்டேரிப்பட்டு, கூட்டேரிப்பட்டு இறங்கு என்று கண்டக்டர் விசிலை ஊதினார். மணி நாலு, மேனேஜருக்குச் சொல்ல இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, அந்த நினைப்பு வந்ததும் அவள் தன்னையே பார்த்துக்கொண்டாள், சீட்டின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள், விழுப்புரத்திலிருந்தே அப்படித்தானா, அந்த மேனேஜர் எதிரிலும் இப்படித்தானா? யோசித்துப் பார்த்தால் இந்த ஒரு வருஷத்தில் எந்த மேஜைக்கு முன்னாலும் அவள் சாய்ந்து உட்கார்ந்ததாக ஞாபகமில்லை. போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை, விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன, அவளும் காதிலிருந்து எடுக்கவில்லை, அப்பா உட்கார நாற்காலி மறுபடி இழுபடுகிற சத்தம் கேட்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.